கன்றின் குற்றமா? – துவிச்சக்கர வண்டியும் மோட்டார் வாகனமும்

எமது நாளிதழ்களின் பிரதேசச் செய்திப் பக்கங்களிலே ஏறக்குறைய மாறாத வடிவில் மீண்டும் மீண்டும் அச்சாகும் வாக்கியம் ஒன்றுண்டு. துவிச்சக்கர வண்டியிற் சென்றவர் மோட்டார் வாகனத்துடன் மோதுண்டு உயிரிழந்தார் என்பதே அது. ஊரின் பெயரும் இறந்தவரின் வயதும் மாறும், வாக்கியம் மாறாது. தமிழிலக்கணத்தைப் பாடமாகப் பயில்வோர் இவ்வாக்கியத்தைச் சற்று நின்று பகுத்து நோக்குதல் பயனுடைத்து. எழுவாய், இறந்தவர். மோதுதலாகிய வினையைச் செய்தவர் வாக்கியத்திலே இல்லை. அவருக்குப் பதிலாக ஒரு வாகனம், அதுவும் உடனிகழ்ச்சிப் பொருளில் மூன்றாம் வேற்றுமை ஏற்று, ஓரமாக ஒதுங்கி நிற்கின்றது. இறந்தவர் தாமே சென்று அதனுடன் மோதிக்கொண்டார் என்ற மயக்கத்தை 'உடன்' என்னும் உருபு ஏற்படுத்த, எஞ்சியதை 'மோதுண்டு' என்ற செயப்பாட்டு வினை முடித்துவைக்கின்றது. அடுத்த வாக்கியத்தில், 'வாகனம் வேகக் கட்டுப்பாட்டை இழந்தது' என்று வரும். இழந்தது வாகனமாம்! அதனுள்ளே ஒருவர் அமர்ந்திருந்தார் என்பதையும், வேகத்தைத் தெரிந்தெடுத்தது அவருடைய வலக்காலே என்பதையும் வாசகர் தாமாகவே ஊகித்துக்கொள்ளல் வேண்டும்.

இதனைச் செய்தியாளரின் மொழிக்குறை எனக் கூறி ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின் செய்தியாளர் சமூகத்தின் பொதுப்புத்தியையே எழுதுகின்றார். வீதியில் நிகழும் மரணத்தை நாம் 'விபத்து' என்கின்றோம். இடி விழுதலும் வெள்ளம் வருதலும் போல, எவராலும் எதிர்பார்க்கப்படாது எவர்மீதும் பழியில்லாது வந்து சேரும் கேடு என்பது அச்சொல்லின் உட்கிடை. எதிர்பாராதது என்பது மெய்யாயின், அது எங்கும் எவருக்கும் நேர்தல் வேண்டும். ஆனால் துவிச்சக்கர வண்டியோட்டிகளின் சாவு அவ்வாறு நேர்வதில்லை. அது அகன்று நேராகச் செல்லும் பெருந்தெருக்களில் நேர்கின்றது. விடியற்புறத்திலும் மாலை மங்கும் வேளையிலும் நேர்கின்றது. மீன்பெட்டி கட்டியவர், தோட்டத்திலிருந்து மரக்கறி கொண்டு செல்பவர், கூலிவேலைக்குப் போகின்றவர், ரியூட்டரிக்குச் செல்லும் மாணவர், ஓய்வூதியம் பெறச் செல்லும் முதியவர் ஆகியோருக்கே நேர்கின்றது. இடமும் பொழுதும் ஆளும் முன்கூட்டியே சொல்லத்தக்க ஒன்றை விபத்து என்றல் பொருந்துமா? வழக்கம் என்பதே அதற்குரிய பெயர்.

உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021 ஆம் ஆண்டில் உலக வீதிகளில் இறந்தோர் 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர். அவர்களுட் பாதிக்கு மேற்பட்டோர் பாதசாரிகள், துவிச்சக்கர வண்டியோட்டிகள், மோட்டார் சைக்கிளோட்டிகள் என்போராவர். இலங்கையில், கொள்ளைநோய்க்கு முந்திய ஆண்டுகளிலே, ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 3,000 பேர் வீதிகளில் மாண்டனர். நாளொன்றுக்கு எட்டுப் பேர் வரை. இத்தொகை வேறெக்காரணத்தால் நிகழ்ந்திருப்பினும் ஆணைக்குழுக்கள் அமைந்திருக்கும். நாடாளுமன்றில் ஒத்திவைப்புப் பிரேரணை வந்திருக்கும்.

துவிச்சக்கர வண்டியைப் பற்றி எழுதப் புகும் யாழ்ப்பாணத்தவன் ஒருவன் பேராதனையின் மலைச்சரிவில் இருந்துகொண்டு எழுதுவது நகைப்புக்கிடமாகலாம். இங்கே கலைப்பீடத்திலிருந்து விடுதிவரை ஏறி மிதிப்பதற்கு எவரும் துணிவதில்லை. குடாநாட்டின் நிலை வேறு. மேடுபள்ளமற்ற சமதரை; அருகருகே அமைந்த ஊர்கள்; சந்தைக்குச் சந்தை சில மைல் தூரம். துவிச்சக்கர வண்டிக்கென்றே இயற்கை சமைத்த நிலப்பரப்பு அது எனலாம். 1990இன் பின்னர் விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையின்கீழ் எரிபொருள் அரிதான காலத்திலே, அங்கு வாழ்வு முழுவதும் இரு சக்கரங்களின்மீதே நடந்தது. மோட்டார் சைக்கிள் வைத்திருந்தோர் சிலர் மண்ணெண்ணெயில் ஓட்டினர், ஏனையோர் மிதித்தனர். நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றதும், விறகும் நெல்லும் ஏற்றியதும், ஆசிரியரையும் எழுதுவினைஞரையும் வேலைக்கு அழைத்துச் சென்றதும் அதுவே. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது, ஒரு குடும்பத்தின் எஞ்சிய உடைமை எல்லாம் அதன் கைபிடியிலும் 'கரியரி'லும் தொங்கின. பெண்கள் எவர் துணையும் வேண்டாது பாடசாலைக்கும் பணிமனைக்கும் தாமே சென்று மீண்ட சுதந்திரத்துக்கும் அவ்வண்டிக்கும் உள்ள தொடர்பு தனியே ஆராயத்தக்கது. எமது சமூகவியல் மாணவர் எவரேனும் அதனை ஆய்வுப் பொருளாகக் கொள்வாராயின் நன்று.

2009இன் பின்னர் நிலை மாறியது. பெருந்தெருக்கள் அகலிக்கப்பட்டன, 'காபெற்' இடப்பட்டன. தவணைமுறைக் கடன் வழங்கும் கம்பனிகள் ஊர்தோறும் கடை விரித்தன. மோட்டார் சைக்கிள், முச்சக்கரவண்டி, வான், மணல் ஏற்றும் டிப்பர் எனப் பெருகின. இவற்றை வேண்டாமென எவரும் கூறார், யானுங் கூறவில்லை. வீதி திருந்தியமையால் நோயாளி விரைந்து வைத்தியசாலை அடைகின்றார். விளைபொருள் விரைந்து சந்தை அடைகின்றது. வினா யாதெனில், அவ்வீதியை வரைந்தவர் தம் மனக்கண்ணிலே எவரைக் கண்டு வரைந்தார் என்பதே. அதனை அறிய வீதியின் நடுப்பகுதியைப் பார்த்தாற் போதாது. அதன் விளிம்பைப் பார்த்தல் வேண்டும்.

காபெற் முடியும் இடத்திலே பல வீதிகளில் ஒரு படி உண்டு. நான்கு விரற்கடை, சிலவிடத்து அதனினும் ஆழம். அதற்கப்பால் தளர்ந்த மண், சரளை, முட்செடி. பின்னால் வரும் பேருந்து ஒலியெழுப்ப, மிதிப்பவர் அவ்விளிம்பை நோக்கி ஒதுங்குகின்றார். சக்கரம் படியிலிருந்து நழுவினால் விழுவார். விழுவது பெரும்பாலும் வீதிப் பக்கமாகவே. மதகு வருமிடத்தில் ஓரம் முற்றாக இல்லாது போகின்றது. நகரத்துள் நுழைந்தாலோ, ஓரம் முழுவதும் நிறுத்திவைக்கப்பட்ட வாகனங்கள். அவற்றிலொன்றின் கதவு பின்னே பாராது திறக்கப்படும்போது, மிதிப்பவர் கதவிலே மோதுகின்றார் அல்லது அதற்கு விலகி நடுவீதிக்குச் செல்கின்றார். தரிப்பிடத்தை அண்மிய பேருந்து, மிதிப்பவரை முந்திய கையோடு இடப்புறம் வெட்டி நிற்கின்றது. சந்தியிலே இடப்பக்கந் திரும்பும் கார், நேரே செல்பவரின் குறுக்கே திரும்புகின்றது. எதிரே வருகின்ற வான் ஒன்று லொறியை முந்துவதற்காக மறுபக்கம் ஏறி வரும்போது, அந்தப் பக்கத்திலே துவிச்சக்கர வண்டி ஒன்று வருவதை அதன் சாரதி காண்கின்றார். ஆயினும் அது ஒதுங்கும் என்பது அவரது கணிப்பு. வேறொரு வான் வருமாயின் அவர் முந்தமாட்டார். ஒதுங்குவதற்கு இடமில்லாதபோதும் ஒதுங்கியே ஆகவேண்டியவர் யார் என்பது வீதியில் ஏலவே தீர்க்கப்பட்டுவிட்டது.

இவ்வளவும் கண்ணாற் கண்டுகொண்டே, 'துவிச்சக்கர வண்டிக்காரரிடம் ஒழுங்கில்லை' என்று கூறுவோர் நம்மிடையே உளர். அவர்களுட் கற்றோரே பெரும்பான்மையினர் என்பது வருந்தத்தக்கது. விளக்கில்லாது வருகின்றார்கள், கை காட்டாது திரும்புகின்றார்கள், இருவர் மூவராக அருகருகே செல்கின்றார்கள், பின்னே திரும்பிப் பாரார்கள் என்பன குற்றச்சாட்டுகள். இவற்றிலே உண்மை இல்லாமலில்லை. இரவில் விளக்கின்றி மிதித்தல் அறிவீனம். அதனை எவரும் நியாயப்படுத்த வேண்டியதில்லை. (சுழலும் சக்கரத்தோடு எரிந்து, வண்டி நின்றவுடன் தானும் அணைந்துபோகும் டைனமோ விளக்கே நெடுங்காலம் பலருக்குக் கிடைத்திருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லல் தகும்.) ஆனால் குற்றங்களை எண்ணும்போது, அவை விளைவிக்கக்கூடிய கேட்டையும் நிறுத்துப் பார்த்தலே நீதி.

விஞ்ஞானபீட நண்பர்கள் பொறுத்தருள்வாராக, க.பொ.த. சாதாரண தரத்திற் கற்ற கணக்கே இதற்குப் போதுமானது. இயங்கும் பொருளின் இயக்கசக்தி, திணிவோடு நேராகவும் வேகத்தின் வர்க்கத்தோடும் கூடும். ஆளும் வண்டியுமாக 85 கிலோகிராம், மணிக்கு 15 கிலோமீற்றர் வேகம் எனக் கொள்வோம். எதிரே 1,200 கிலோகிராம் நிறையுள்ள சிறிய காரொன்று 60 கிலோமீற்றர் வேகத்தில் வருவதாகக் கொள்வோம். காரின் இயக்கசக்தி மற்றையதைப் போல் இருநூறு மடங்குக்கு மேல். மணல் நிரம்பிய டிப்பரைக் கணக்கிட எனக்கு மனமில்லை. 50இலிருந்து 70இற்கு வேகத்தைக் கூட்டும் சாரதி தன் வேகத்தை ஐந்தில் இரண்டு பங்கே கூட்டினதாக நினைக்கின்றார். மோதலின் வன்மையோ ஏறக்குறைய இரட்டிப்பாகின்றது. ஆபத்தைக் கண்டு காலைத் தடுப்பில் வைப்பதற்கு ஒரு செக்கன் சென்றால், 50இல் அவர் 14 மீற்றரைக் கடந்துவிடுகின்றார்; 70இல் 19 மீற்றரைக் கடந்துவிடுகின்றார். அவ்வளவு தூரமும் தடுப்பு எனும் ஒன்று அவ்வாகனத்தில் இல்லாதது போன்றதே. துவிச்சக்கர வண்டியோட்டியின் தவறு பெரும்பாலும் அவருடைய உயிரையே வாங்குகின்றது. வாகனம் செலுத்துபவரின் தவறு பிறர் உயிரை வாங்குகின்றது. ஒரே வீதியைப் பயன்படுத்துவோர் அனைவருக்கும் சமமான கடமை என்று சொல்லும் 'நடுநிலை', இந்த இருநூறு மடங்கை மறைப்பதற்கான திரையன்றி வேறில்லை.

எமது ஊரிலே நிகழ்ந்த ஒன்றைச் சுருக்கமாகக் குறிப்பிடுவேன். விடியற்காலையில் சந்தைக்குக் கீரைக்கட்டுகளோடு சென்ற முதியவர் ஒருவரை, பின்னால் வந்த வான் ஒன்று மோதியது. தூக்கத்தைக் கெடுக்காது இரவு முழுவதும் ஓடி வந்த வாகனம் அது. சாரதியின் தூக்கம் பற்றியே கூறுகின்றேன். பின்னர் நடந்த விசாரணையிலே கேட்கப்பட்ட முதற் கேள்வி, முதியவரின் வண்டியில் பின்விளக்கு இருந்ததா என்பது. இரண்டாவது, அவருக்குக் காது கேட்குமா என்பது. சாரதி எத்தனை மணித்தியாலம் உறங்காதிருந்தார் என்ற வினா மூன்றாவதாகவும் வரவில்லை. காப்புறுதிக் கம்பனியின் ஆள் மிகவும் மரியாதையாகவே நடந்துகொண்டார். 'ஐயா கொஞ்சம் வீதிப்பக்கமாக வந்திருக்கிறார்' என்றார். ஐயா வீதியிலேதான் வந்தார். அவருக்கு வேறு வழி இருக்கவில்லை.

இவ்விடத்து, வீதியில் நிகழ்ந்த மோதல் பற்றி நம் மரபு பேணி வந்த பழங்கதை ஒன்றை நினைவிற்கொள்ளல் பொருத்தமானது. திருவாரூர் வீதியிலே அரசிளங்குமரன் தேரூர்ந்து வருகின்றான். பசுவின் இளங்கன்று ஒன்று துள்ளி வந்து சக்கரத்தின் இடையே புகுந்து இறக்கின்றது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைக்கின்றது. சேக்கிழார் பெரியபுராணத்தில் இதனைக் கூறுமிடத்து, மனுநீதிச் சோழனின் அமைச்சர்கள் வாதிடும் முறையே நாம் கவனிக்க வேண்டியது. கன்று தானாகவே உட்புகுந்தது. இளவரசன் அறிந்து செய்யவில்லை. இதற்கு அந்தணர் விதித்த கழுவாய் உண்டு. அதனைச் செய்தாற் போதும் என்கின்றனர். இன்றைய சொல்லில் மாற்றினால், 'கன்று குறுக்கே வந்தது, சாரதியிடம் கவனயீனம் இல்லை, ஒரு தொகையைக் கொடுத்து முடித்துக்கொள்வோம்' என்பதே. மன்னன் ஏற்கவில்லை. வேறொருவன் உயிர்க்கொலை புரிந்தால் அவனைக் கொல்வதும், தன் மகன் புரிந்தால் கழுவாய் தேடுவதும் எவ்வாறு நீதியாகும் என்பது அவன் எழுப்பும் வினா. தேரிலே செல்பவனுக்கு ஒரு சட்டம், தேரில்லாதவனுக்கு ஒரு சட்டமா என்று அதனை நாம் வாசிக்கலாம்.

இதே கதையை எல்லாளன்மேல் ஏற்றி மகாவம்சமும் கூறுகின்றது. அங்கு தேர்ச்சக்கரத்தின்கீழ் அகப்பட்ட கன்று, துள்ளி வந்ததன்று. தாயோடு வழியிற் கிடந்தது. எவ்வாறாயினும் ஒன்றே. கன்று இருபுறமும் பார்த்ததா, ஒளிரும் பட்டி அணிந்திருந்ததா என இரு நூல்களிலும் எவரும் கேட்கவில்லை. மகாவம்சம் கூறும் மற்றொரு நிகழ்ச்சி இதனினும் நமக்குப் பயன்படத்தக்கது. எல்லாள மன்னன் தானே தேரிற் செல்லும்போது, அவனறியாது தேரின் நுகம் தூபியொன்றிற் பட்டுச் சேதம் விளைக்கின்றது. அறியாது நேர்ந்தது என்பதை அவனும் அறிவான், அமைச்சரும் அறிவர். ஆயினும் அவன் தேரிலிருந்து இறங்கி வீதியில் விழுந்து, சக்கரத்தால் என் தலையை அறுங்கள் என்கின்றான். அமைச்சர் அதனை மறுத்து, தூபியைத் திருத்திக் கொடுத்தாற் போதும் என்கின்றனர். சிதைந்த கற்கள் பதினைந்தே. அவன் செலவிட்டது பதினையாயிரம் கஹாபணம். தலை அறுத்தல் நமக்கு வேண்டாம். ஆனால் இக்கதையிலே 'அறியாது நேர்ந்தது' என்ற கூற்று பொறுப்பைக் கரைத்துவிடவில்லை என்பதே கருதற்பாலது. பாரமான தேரைச் செலுத்தி வந்தவன் எவனோ, சேதத்தை ஏற்பவனும் அவனே. தமிழரும் சிங்களவரும் ஒருங்கே மெச்சிய மன்னன் ஒருவனின் பெயரோடு இந்நீதி ஒட்டியிருப்பது தற்செயலன்று என எண்ணுகின்றேன்.

நமது இன்றைய சட்டம் இதற்கு நேர்மாறான திசையில் நிற்கின்றது. கவனயீனத்தால் விளைந்த தீங்குக்கு நட்டஈடு கோருவதற்கு இலங்கையில் உரோம-ஒல்லாந்தச் சட்டமே அடிப்படை. தீங்குற்றவர் மற்றவரின் கவனயீனத்தை நிரூபித்தல் வேண்டும் என்பது அதன் பொதுவிதி. வைத்தியசாலைக் கட்டிலிற் கிடப்பவர், அல்லது அவர் இறந்துபட்டால் அவருடைய விதவை, சாரதியின் குற்றத்தைச் சான்றுகாட்டி நிறுவுதல் வேண்டும். மூன்றாந் தரப்புக் காப்புறுதி 1951 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின்கீழ் கட்டாயமானதுதான். ஆயின் காப்புறுதி இருத்தல் வேறு, பணம் கைக்கு வருதல் வேறு. பணம் வருவதற்கு முன்னர் குற்றம் நிறுவப்படல் வேண்டும். குற்றத்தை நிறுவுவதற்கு வழக்கறிஞர் வேண்டும். வழக்கறிஞருக்குப் பணம் வேண்டும். கீரைக்கட்டு விற்றவர் வீட்டிலே இச்சுற்று எங்கே அறுபடும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இச்சட்டத்தை நமக்குக் கொடுத்த ஒல்லாந்தர் தம் நாட்டிலே என்ன செய்தனர்? 1707இல் தேசவழமையைத் தொகுப்பித்து நமக்குச் சட்டம் வகுத்தவர்கள் அவர்களே என்பதால் இக்கேள்வியைக் கேட்கும் உரிமை நமக்குண்டு. மோட்டார் வாகனம் பாதசாரியையோ துவிச்சக்கர வண்டியோட்டியையோ மோதினால், நிரூபிக்கும் பாரத்தை வாகனத்தின் பக்கத்துக்கு 1920களிலேயே அவர்கள் மாற்றிவிட்டனர். இன்று அது 1994 ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின் 185ஆம் பிரிவாக இருக்கின்றது. தன்னால் எவ்வகையிலும் தவிர்த்திருக்க முடியாதது என வாகன உரிமையாளர் காட்டினாலன்றி அவர் பொறுப்பாளியாவார். அந்நாட்டு உயர் நீதிமன்றம் 1990களின் தொடக்கத்தில் இவ்விதியை மேலும் இறுக்கியது. மோதுண்டவர் பதினான்கு வயதுக்குட்பட்ட சிறுவராயின், வேண்டுமென்றே அல்லது அதற்கொத்த அசட்டையுடன் நடந்தாலன்றி, முழு நட்டஈடு. வளர்ந்தவராயின், அவர்பக்கம் தவறிருப்பினும், குறைந்தது பாதி. வீதிக்குள் பாரமான பொறியொன்றைக் கொண்டுவந்தவரே அதனால் வரும் ஆபத்துக்கும் முதற்பொறுப்பாளி என்பதே இதன் தத்துவம். நமக்கு அச்சட்டத்தின் பழைய பிரதியே வந்து சேர்ந்தது. திருத்திய பதிப்பு வரவில்லை.

'அவர்கள் செல்வந்தர், பரம்பரை பரம்பரையாகத் துவிச்சக்கர வண்டி ஓட்டியவர்கள், நமக்கு அது சாத்தியமோ' என்பது வழக்கமான மறுமொழி. வரலாறு தெரியாதார் கூற்று இது. 1950களிலும் 1960களிலும் ஒல்லாந்தும் கார்களுக்காகவே தன் நகரங்களை இடித்தது. 1971இல் அந்நாட்டு வீதிகளில் மாண்டோர் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர். அவர்களுள் நானூறுக்கு மேற்பட்டோர் சிறுவர். தன் மகளை அவ்வாறு இழந்த விக் லாங்கன்ஹொவ் என்னும் பத்திரிகையாளர் 1972இல் எழுதிய கட்டுரையை ஒட்டி, 'சிறுவர் கொலையை நிறுத்து' என்ற பெயரிலேயே ஓர் இயக்கம் எழுந்தது. அவர்கள் 'விபத்து' என்று எழுதவில்லை. கொலை என்று எழுதினர். பெற்றோர் வீதிகளை மறித்தனர். பிள்ளைகள் வீதியில் விளையாடினர். 1973 நவம்பரில், எண்ணெய் நெருக்கடியின்போது, ஞாயிற்றுக்கிழமைகளிற் கார் ஓட்டுதல் தடைசெய்யப்பட்டது. கார் இல்லாத நகரம் எவ்வாறிருக்கும் என்பதை மக்கள் கண்ணாற் கண்டனர். அதன்பின் வந்தவையே தனிப் பாதைகளும், குடியிருப்புத் தெருக்களில் வேகக் குறைப்பும். 2023இல் அங்கு வீதியில் இறந்தோர் எழுநூறுக்கும் குறைவு. அவருள் துவிச்சக்கர வண்டியோட்டிகள் 270 பேர் என்பதையும் மறைக்காமற் கூறுவோம். சொர்க்கம் எங்கும் இல்லை. ஆனால் மக்கள்தொகை கூடியும் மரணம் நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது, மிதிப்போருக்குத் 'தலைக்கவசம் அணிக' என்று உபதேசித்ததால் அன்று. அங்கு பெரும்பாலோர் இன்றும் தலைக்கவசமின்றியே மிதிக்கின்றனர்.

எண்ணெய் நெருக்கடி என்றதும் நமது 2022 நினைவுக்கு வருதல் இயல்பு. எரிபொருள் நிரப்பு நிலையங்களின் முன் நாட்கணக்கில் வரிசைகள் நின்ற அந்த மாதங்களிலே, நாடு முழுவதும் துவிச்சக்கர வண்டியைத் தேடி ஓடியது. கொழும்பிலே கழுத்துப்பட்டி அணிந்த உத்தியோகத்தரும் மிதித்தனர். வண்டியின் விலை சாதாரண மக்கள் எட்டமுடியாத உயரத்துக்குச் சென்றது. வடக்கிலோ, ஒதுக்கி வைக்கப்பட்ட பழைய வண்டிகள் வீட்டுக் கோடிகளிலிருந்து மீண்டன. ஒல்லாந்தர் 1973இல் பெற்றதை ஒத்த வாய்ப்பு அது. நம்மை ஆள்வோரும், நமது மாநகர சபைகளும், அவர்களுக்கு ஆலோசனை கூறும் நமது அறிஞரும் அதனைக் கொண்டு செய்ததென்ன? புகைப்படம் எடுத்தனர். எரிபொருள் பங்கீட்டு அட்டை வந்து வரிசை குறைந்ததும் ஓரங்கள் பழையபடி வாகனத் தரிப்பிடங்களாயின. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதித் தடை நீக்கப்பட்டபோது, வரும் வாகனங்களால் அரசுக்குக் கிடைக்கும் வரி எவ்வளவு என்று ஏடுகள் எழுதின. அவ்வாகனங்கள் ஓடப்போகும் வீதியிலே ஏலவே இருப்பவரைப் பற்றிய எழுத்தை யான் தேடியும் கண்டிலேன்.

இதனை வர்க்கப் பிரச்சினை என்று கூறாது விடுதல் நேர்மையன்று. வீதி பொதுப்பணத்தில் அமைகின்றது. அப்பணத்தின் பெரும்பகுதி சீனி, மா, சவர்க்காரம் முதலியவற்றின் மறைமுக வரியாக எல்லோரிடமிருந்தும் பெறப்படுகின்றது. மிதிப்பவரும் கொடுக்கின்றார். அவருடைய பங்கு பணத்துக்கு அவருக்குக் கிடைத்தது அந்த நான்கு விரற்கடைப் படி. முற்போக்கு இலக்கியம் பற்றி இவ்வேட்டின் பக்கங்களிலே நாம் வாதிடுகின்றோம். உழைக்கும் மக்களின் மொழி, உழைக்கும் மக்களின் கலை என்கின்றோம். அவர்களுடைய போக்குவரத்துச் சாதனத்தைப் பற்றி ஒரு பக்கமும் எழுதியதில்லை. பட்டம் பெற்று முதற் சம்பளம் வாங்கியதும் நம்மிற் பலர் செய்யும் முதற்காரியம், அச்சாதனத்திலிருந்து இறங்கி, அதன்மேல் ஒலியெழுப்பும் உரிமையைத் தவணைமுறையில் வாங்குவதே.

வேண்டப்படுவன பெரியவை அல்ல. காபெற்றின் விளிம்பு மண்ணோடு சமமாகச் சரிவுபெறல் வேண்டும். வீதி அமைக்கும் செலவில் இது சிறு துளி. பாடசாலைகளையும் சந்தைகளையும் இணைக்கும் வீதிகளிலே, வெள்ளைக் கோடு மட்டுமன்றித் தடுப்புள்ள தனிப் பாதை வேண்டும். கோட்டின் மீது வாகனம் நிறுத்துதல் நமக்குக் கைவந்த கலை. முந்திச் செல்லும் வாகனம் விடவேண்டிய இடைவெளி அளவிட்டுக் கூறப்படல் வேண்டும். ஜேர்மனி 2020இல் அதனை நகரத்துள் ஒன்றரை மீற்றர், புறத்தே இரண்டு மீற்றர் எனச் சட்டமாக்கியது. பிரித்தானியாவின் பெருந்தெரு விதித்தொகுப்பு 2022இல், கூடிய தீங்கு விளைக்கவல்லவருக்கே கூடிய பொறுப்பு என்ற படிமுறையை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டது. அவ்வாண்டில் நாம் வரிசையில் நின்றோம்.

இவையனைத்திலும் முதன்மையானது நிரூபிக்கும் பாரத்தை மாற்றுதலே. இதற்கு வரும் ஆட்சேபம் எனக்குத் தெரியும். சாரதிக்கு அநீதி இழைக்கப்படும் என்பர். இங்கே பேசப்படுவது சிறைத்தண்டனை அன்று. குற்றவியல் வழக்கில் குற்றத்தை அரசு தரப்பே நிரூபித்தல் வேண்டும் என்ற விதி அப்படியே நிற்கும். பேசப்படுவது நட்டஈடு. அதனையும் பெரும்பாலும் கொடுக்கப்போவது சாரதியன்று, காப்புறுதிக் கம்பனி. காப்புறுதிக் கட்டணம் உயரும் என்பர். உயரட்டும். இன்று அக்கட்டணம் குறைவாயிருப்பதற்குக் காரணம், மிகுதியை விதவைகள் செலுத்துகின்றமையே. இன்னுஞ் சிலர், மிதிப்போர் பணத்துக்காக வேண்டுமென்றே வாகனத்தில் விழுவர் என்பர். தன் முள்ளந்தண்டை முதலாக இட்டு வியாபாரம் செய்வோர் எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டு இதனை அவர்கள் சொல்கின்றார்களோ, அறியேன். மூவரும் தம் ஆட்சேபத்தை எழுத்தில் தருவாராயின், சட்டபீட மாணவர் துணையுடன் இவ்வேட்டின் அடுத்த இதழிலேயே வரைபு ஒன்றை முன்வைத்து விவாதிக்கலாம். ஒல்லாந்தச் சட்டத்தின் 185ஆம் பிரிவைத் தமிழிலும் சிங்களத்திலும் பெயர்த்து எழுதுவதற்கு ஒரு மாலைப்பொழுது போதும்.